டிடிஎஸ் குறைந்துவிட்டது, தண்ணீர் நல்லதாகிவிட்டதா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம் எங்களுடையது. மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் தரைக்கடியில் உள்ள ஒரே சம்ப்பில் விழுந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏறுகின்றன. சித்திரை, வைகாசியில் தண்ணீரில் ஒரு மண் வாடை, கூடவே உப்புக் கரிப்பு. டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, காட்டும் மீட்டர் வாங்கிப் பார்த்தோம். மே மாதம் 1,450 காட்டியது. நவம்பரில் 620-க்கு இறங்கியது, ருசியும் தேவலை. ஆனால் அந்த மாதம்தான் என் மூன்று வயது மகளுக்கும் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் வயிற்றுப்போக்கு. டிசம்பரில் பிளீச்சிங் வாடை தூக்கியது. நடுவில் ஒரு பியூரிஃபையர் விற்பனையாளர் வந்து எங்கள் தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினார். இரண்டே நிமிடத்தில் சாக்கடை நிறம். ஒரே குழாயில் மாதத்துக்கு ஒரு குணம் ஏன்? எதற்குப் பயப்படவேண்டும், எதை விட்டுவிடலாம்? உப்பை வடிகட்டும் ஆர்ஓ மெஷின் போடுவதா, கேன் தண்ணீருக்கு மாறுவதா?
ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, டிடிஎஸ் குறைந்த மாதத்தில்தான் வயிறு கெட்டது என்பது. நிறையப் பேர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மீட்டரில் எண் இறங்கியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அதை வைத்துக் கரைந்திருக்கும் உப்புகள் இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு கரண்டி சாக்கடை நீரைக் கலந்து மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் அசையாது. ஆனால் அந்தக் குடம் ஒரு குடும்பத்தையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போதும். உங்கள் மே மாதத் தண்ணீர் முகத்தைச் சுளிக்க வைத்தது, அவ்வளவுதான். படுக்கவைக்கக் கூடியது நவம்பர்த் தண்ணீர். மகளின் வயிற்றுப்போக்குக்குத் தண்ணீர்தான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது; அதைக் குழந்தையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளில், அதுவும் அடைமழைக் காலத்தில் என்றால், நான் முதலில் திறந்து பார்ப்பது சம்ப் மூடியைத்தான்.

முதலில் கோடையை முடித்துவிடலாம், அது சுலபம். வெயில் ஏற ஏற ஏரிகளில் தண்ணீர் இறங்கும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நிற்கும்போதே ஆழம் 24 அடிதான். அது பாதிக்கும் கீழே போனால் மிச்சத் தண்ணீர் சூடாகி, அதில் பாசியும் அதன் இனத்து நுண்ணுயிர்களும் மண்டும். அவற்றில் சில, ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை வெளிவிடுகின்றன. உங்கள் மண் வாடை அதுதான். புதுமழை பெய்ததும் தரையிலிருந்து எழும்புகிற வாசனையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. மழையில் வந்தால் ரசிக்கிறோம், குழாயில் வந்தால் குமட்டுகிறது! லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே பலருடைய மூக்கு பிடித்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தின் படிகாரமும் மணல் வடிகட்டியும் குளோரினும் இதை எளிதில் நீக்குவதில்லை. ஆனால் குழாயில் வருகிற அளவில் இது உடம்புக்குக் கெடுதல் இல்லை. கார்பன் ஃபில்டர் இருந்தால் பெருமளவு போய்விடும். காய்ச்சி ஆறவைத்தாலும் கொஞ்சம் குறையும்.

கரிப்பு போர் தண்ணீரின் வேலை. கோடையில் மெட்ரோ தண்ணீர் குறைவாக வரும், உங்கள் அசோசியேஷன் போர் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டும், நிலத்தடி மட்டம் இறங்க இறங்க உப்பு செறிவாகும். குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் 1,450 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ருசிக்காது, பருப்பு வேக நேரமாகும், ஹீட்டரில் வெள்ளையாகப் படியும், தலைமுடி பிசுக்கும். இதெல்லாம் தொல்லை, ஆபத்து வேறு.

கோடையில் நான் கவலைப்படுகிற ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. மே மாத மதியம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறதே, அந்தச் சூட்டில் மாடி டேங்கில் இருக்கும் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும் என்பது தரம். வழியில் ஏதாவது கிருமி சேர்ந்தால் அதைக் கொல்வதற்கான காவல் அது. சம்ப்பில் ஒரு நாள், கொதிக்கிற டேங்கில் ஒரு நாள் என்று கிடந்த தண்ணீரில் காவல் இருக்காது. போர் தண்ணீரில் முதலிலேயே கிடையாது. ஆகவே கோடையில் தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள். ‘வருமோ வராதோ’ என்று அண்டா, பக்கெட், பழைய கேன் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கும் பழக்கம் 2019-க்குப் பிறகு சென்னைக்காரர்களை விடவே இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது, பயம் நியாயம்தான். துணி துவைக்க நிரப்பி வையுங்கள். குடிப்பதற்கு அன்றன்று பிடியுங்கள்.

இப்போது மழைக்கு வருவோம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் முதலில் ஏரியில் வண்டல் சேரும். தண்ணீர் கலங்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரத்தைக் கூட்டுவார்கள், குளோரினைக் கூட்டுவார்கள். அங்கே ஆட்களும் ஆய்வகமும் இருக்கின்றன, பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். எனவே ஏரியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. நிலையத்திலிருந்து உங்கள் வாசல் வரை வருகிற குழாயைப் பற்றித்தான் கவலை.

நம் ஊர்களில் பல தெருக்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் விடுவார்கள், நிறுத்துவார்கள். தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். பழைய இணைப்புகளில் சின்னச் சின்னக் கசிவு இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். நிறுத்தியதும் குழாய் காலியாகி அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே இருப்பது உள்ளே வரும். வெயில் காலத்தில் வெளியே இருப்பது காய்ந்த மண். நவம்பரில்? ஒரு அடி தோண்டினால் தண்ணீர். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய், மழைநீர் புகுந்து அதுவும் நிரம்பி, மேன்ஹோல் வழியே பொங்கிக்கொண்டிருக்கும். குடிநீர்க் குழாய் அந்தக் குழம்புக்குள் படுத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, தெருவில் யாராவது மெட்ரோ இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீரை உறிஞ்சினால் காற்றுதானே வாய்க்கு வரும், அதே கதைதான். இங்கே காற்றுக்குப் பதில் சாக்கடை. நேரடி மோட்டார் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள், நாங்களும் வைத்தோம் என்பார்கள்.

இதனால்தான் மழை நாட்களில் காலை முதல் சில நிமிடங்கள் வரும் தண்ணீர் மோசமானது. இரவு முழுக்க உள்ளே வந்து சேர்ந்ததெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அந்த முதல் தண்ணீர் நேராக சம்ப்பில் விழுகிறது. இதற்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். மெட்ரோ குழாய் சம்ப்புக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு டி-யும் (மூன்று வழி இணைப்பு) திறந்து மூட ஒரு குழாயும் போடச் சொல்லுங்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலை. தண்ணீர் வந்ததும் வாட்ச்மேன் அந்தக் குழாயைத் திறந்து, ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பார்த்து, தெளிந்து நாற்றமில்லாமல் வந்த பிறகு சம்ப் வால்வைத் திறக்கட்டும். வெள்ளை பக்கெட் முக்கியம். நீல பக்கெட்டில் கலங்கல் தெரியாது. கொட்டுகிற தண்ணீர் செடிக்குப் போகட்டும். பல ஆயிரம் ரூபாய் மெஷினைவிட இந்த ஒரு குழாய் உங்கள் கட்டடத்துக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது சம்ப். பழைய கட்டடங்களில் சம்ப் மூடி தரைமட்டத்தில் இருக்கும், பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி அல்லது மேன்ஹோல் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே மூடி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். 2015 டிசம்பரிலும் 2023 மிச்சாங் புயலிலும் எத்தனையோ கட்டடங்களில் இதுதான் நடந்தது. மூடியைச் சுற்றி அரை அடிக்காவது சுவர் எழுப்பி உயர்த்திவிடுங்கள். மழை நாளில் டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள்: சுவரில் எங்காவது ஈரக்கோடு வழிந்துகொண்டிருந்தால் வெளித்தண்ணீர் ஊறுகிறது என்று அர்த்தம்.

போர் தண்ணீரும் மழையில் மாறும். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நல்ல காரியம். மாடியில் விழும் மழை ஜல்லி, மணல் வழியே நிலத்துக்குள் போனால் உப்பு நீர்த்துப்போகும். உங்கள் மீட்டர் 620-க்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம், மெட்ரோ தண்ணீர் கூடுதலாக வந்தது இன்னொரு காரணம். ஆனால் அந்தக் குழிக்குள் மாடித் தண்ணீர் மட்டுமே போகிறதா? தரையில் தேங்கியதும் மேன்ஹோல் பொங்கியதும் சேர்ந்து போகிறது என்றால், உப்போடு சேர்த்துக் கவலையும் கரைந்துவிட்டதாக நினைக்கவேண்டாம்.

சரி, எந்த இடத்தில் கெடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மெட்ரோ குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர், ஒன்றில் சமையலறைக் குழாய். மூடி, மேலே பெயர் எழுதி, ராத்திரி முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது பளிச்சென்று இருந்து காலையில் மஞ்சளானால் இரும்பு. போர் தண்ணீரில் சகஜம். அடியில் மண் படிந்தால் வண்டல். பிடித்தவுடன் பால் மாதிரி வெளுத்து, ஒரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, விட்டுவிடுங்கள். மூன்றையும் திறந்து முகர்ந்து பாருங்கள். மெட்ரோ பாட்டிலில் நாற்றமில்லை, சமையலறை பாட்டிலில் இருக்கிறது என்றால் குற்றவாளி உங்கள் சம்ப் அல்லது டேங்க். மெட்ரோ பாட்டிலிலேயே நாற்றம் என்றால் மெட்ரோ வாட்டரின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யுங்கள். எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை நிமிடம் நாற்றம் இருந்தது என்று சொன்னால் கசிவைத் தேடுபவர்களுக்கு வேலை எளிது.

நாற்றமில்லாத கிருமித் தண்ணீரும் உண்டு. அதற்கு எச்2எஸ் பாட்டில் என்று ஒரு எளிய சோதனை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் இந்திய விஞ்ஞானிகளே உருவாக்கியது. உள்ளே மருந்து தடவிய சின்ன பாட்டில். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறையில் ஓர் ஓரமாக வைத்தால் போதும். நம் ஊர்ச் சூட்டுக்கு இன்குபேட்டர்கூட வேண்டாம். ஓரிரு நாளில் தண்ணீர் கறுத்துவிட்டால் கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்துக்கு, படிகம்போல இருக்கிறதே என்று பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் மறுநாள் மையாகக் கறுத்திருப்பதை மழைக்காலம் தவறாமல் பார்க்கிறோம். முறையான அறிக்கை வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் சொல்லும் பாட்டிலில், அவர்கள் சொல்லும் விதத்தில் பிடிக்கவேண்டும். குளிர்பான பாட்டிலைக் கழுவிக்கொண்டு போகாதீர்கள்.

டிசம்பர் பிளீச்சிங் வாடையைப் பற்றி எல்லோரும் புகார் சொல்வார்கள். எனக்கு அந்த வாடை வந்தால் நிம்மதி. மழைக்குப் பிறகு குளோரினைக் கூட்டியிருக்கிறார்கள், அது உங்கள் வாசல் வரை உயிரோடு வந்திருக்கிறது என்று அர்த்தம். பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். உண்மையில் அடைமழையில் வாடையே வரவில்லை என்றால்தான் நான் யோசிப்பேன்.

விற்பனையாளர் காட்டிய கம்பி வித்தைக்கு வருகிறேன். உங்கள் தண்ணீரில் உப்பு இருக்கிறது, மின்சாரம் பாயும். பாயும்போது அவர் விட்ட இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். அந்தச் செம்பழுப்பு வந்தது அவருடைய கம்பியிலிருந்து. அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, ‘இப்போது செய்துகாட்டுங்கள் சார்’ என்று கேளுங்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதற்காக ஆர்ஓ கூடாது என்று சொல்லவில்லை. கோடையில் 1,450 இருக்கும் தண்ணீருக்கு அது நியாயமான கருவிதான். 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓ வீண். ஒரு குடம் கொடுக்க ஒரு குடத்துக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பும். போடுவதென்றால் சர்வீஸை செப்டம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் மெஷின் நின்ற பிறகுதான் ஆளைக் கூப்பிடுகிறார்கள், அது எப்போதும் கலங்கல் தண்ணீர் வந்து ஃபில்டர் அடைத்த மழைக்காலமாக இருக்கும். அப்புறம் ஆள் வர பத்து நாள். இருக்கிற காசை எதில் போடலாம் என்று கேட்டால், இந்த வருடம் சம்ப் மூடியும் அந்த டி குழாயும் முதலில், ஆர்ஓ அதற்கப்புறம்.

இடைப்பட்ட காலத்தில் நவம்பர், டிசம்பருக்குக் காய்ச்சிய தண்ணீர்தான். கொப்பளித்துக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும், இருபது நிமிடம் கேஸைக் கரைக்கவேண்டாம். வெதுவெதுப்பாக்கி இறக்குவது காய்ச்சுவதாகாது. கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்டிவிட்டுக் காய்ச்சுங்கள். தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் பழைய முறை உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். கலங்கல் படியும், ஆனால் கிருமி சாகாது, அதற்கு மேல் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். காய்ச்சியதை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். டம்ளரோடு கையையும் உள்ளே விட்டால் செய்த வேலை போயிற்று. மகள் பல் தேய்ப்பதும் இந்தத் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

சம்ப்பையும் டேங்கையும் வருடத்துக்கு இரண்டு முறை கழுவுங்கள்: மழைக்கு முன் செப்டம்பரில், மழை முடிந்து ஜனவரியில். போகிக்கு வீட்டையே புரட்டிப் போட்டுத் துடைக்கிறோம், சம்ப் மூடியை மட்டும் யாரும் தூக்குவதில்லை. தேய்த்துக் கழுவி நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு சுமார் 200 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கில் பக்கெட்டில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு நாள் வைத்து, குழாய்கள் வழியாகவும் ஓடவிட்டு, முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். அந்த ஒரு நாள் தண்ணீரைக் குடிக்கவும் குளிக்கவும் கூடாது. பன்னிரண்டு வீட்டுக் கதவிலும் எழுதி ஒட்டுங்கள். மழை நாட்களில் அன்றாடம் போடுவது வேறு அளவு: 1,000 லிட்டருக்கு 4 கிராம், கலந்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பவுடர் பொட்டலம் திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்திருந்தால் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். சம்ப்புக்குள் ஆளை இறக்குவதென்றால் மோட்டாரின் மெயினை அணைத்து, மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, மேலே ஒருவர் நிற்கவேண்டும். உள்ளே போனவர் மயங்கினால் காப்பாற்ற என்று இன்னொருவர் குதிப்பதும் இரண்டு பேரும் போவதும் செய்தித்தாளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆள் இறங்காமல் கழுவும் வசதி உள்ளவர்களைக் கூப்பிடுவது நல்லது.

கடைசியாக, கேன் தண்ணீர். மாறலாம், தவறில்லை. 20 லிட்டர் கேனில் ஐஎஸ்ஐ முத்திரையும் தேதியும் உடையாத சீலும் இருக்கிறதா பாருங்கள். மே மாத வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த கேனை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உள்ளே விரலை விட்டு வழவழப்பாக இருந்தால், கேனைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள்.